தலைப்பில் அகப்படாத மூலங்கள்: கொழும்பு நூலகங்களில் ஓர் அறிவுச் சமூகவியல் ஆய்வுக்கான தேடல்

பின்னணி

கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் நான் பணியாற்றிவருகிறேன். ஓர் ஆண்டின் பெப்ரவரி முதல் நவம்பர் வரை நீடித்த ஒரு மூலத் தேடலை, அதில் நான் எடுத்த பிழையான முடிவுகளையும் சேர்த்து, இங்கே பதிவுசெய்கிறேன். தேடியவர் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவுசெய்திருந்த ஒரு மாணவி. அவருடைய மேற்பார்வையாளர், பின்னர் உதவிய குடும்பத்தினர் ஆகியோரை இனங்காட்டக்கூடிய விபரங்களை விலக்கியுள்ளேன். எழுதியதை ஆய்வாளர் வாசித்து, இரண்டு இடங்களில் என் ஞாபகத்தைத் திருத்தியும் தந்தார்.

அவருடைய ஆய்வு இருபதாம் நூற்றாண்டு இலங்கைத் தமிழரிடையே சித்த வைத்தியரின் அறிவு எவ்வாறு மதிப்பிடப்பட்டது என்பது பற்றியது. மருந்துகள் பலன் தந்தனவா என்பது அவருக்கு வேண்டியிருக்கவில்லை. யாருடைய அறிவு வைத்தியம் என ஏற்கப்பட்டது, யாருடையது வெறும் கைமருந்து என ஒதுக்கப்பட்டது, அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமை பரம்பரையிடமிருந்து கல்லூரிக்கும் அரச பதிவேட்டுக்கும் எப்போது கைமாறியது என்பவையே அவருடைய கேள்விகள். ஆகவே இது மருத்துவ வரலாற்றின் எல்லைக்குள் தொடங்கினாலும் அடிப்படையில் அறிவுச் சமூகவியல் ஆய்வாகவே இருந்தது.

இத்துறைக்கு 1920களில் ஜெர்மனியில் பெயர் சூட்டியவர் மாக்ஸ் ஷேலர். 1929இல் வெளியான கார்ல் மான்ஹைமின் நூல் 1936இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது துறை பரவலாக அறியப்பட்டது. பெரும் சிந்தனையாளரின் கருத்துகளை மட்டும் ஆராய்வதை விட்டு, ஒரு சமூகத்தில் 'அறிவு' என்று நடமாடும் எல்லாவற்றையும், அன்றாட வழக்கறிவு உட்பட, ஆராய வேண்டும் என்று 1966இல் பீட்டர் பேர்கரும் தோமஸ் லுக்மனும் வாதிட்டனர். இக்கடைசித் திருப்பத்தின் பொருளை நான் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தால் மூன்று வாரங்கள் வீணாகியிருக்க மாட்டா.

முதல் சந்திப்பும் என் முதல் முடிவும்

பெப்ரவரி நடுப்பகுதியில் ஆய்வாளர் உசாத்துணை மேசைக்கு வந்தார். "மிஸ், 'சித்த வைத்தியம்' என்று அடிச்சால் பதினொரு புத்தகம்தான் வருகுது, அதிலும் அரைவாசி இந்தியாவிலை அடிச்ச மருந்துப் புத்தகம்" என்றார். தமிழில் போதிய மூலங்கள் கிடைக்காவிட்டால் ஆய்வைக் கோட்பாட்டு நூல்களின் மதிப்பீடாகச் சுருக்கிக்கொள்ளுமாறு மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். முன்மொழிவைத் திருத்திச் சமர்ப்பிக்க ஆறு வாரங்கள் இருந்தன.

அன்று நான் மேற்கொண்ட முடிவு வழக்கமானது, அப்போது எனக்கு நியாயமாகவும் பட்டது. முதலில் துறையின் கோட்பாட்டு நூல்களை ஒன்றுதிரட்டுவோம், அவற்றின் அடிக்குறிப்புகள் வழியாக இந்திய மருத்துவம் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளுக்குச் செல்வோம், அங்கிருந்து இலங்கைக்கு இறங்குவோம் என்று திட்டமிட்டேன். மேலிருந்து கீழே இறங்கும் இந்த வழியை ஆண்டுதோறும் புதுமுக ஆய்வாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நானே. கேள்வியை அவரிடம் இன்னொரு முறை கேட்காமலேயே தேடலைத் தொடங்கினேன் என்பதை இப்போது எழுதும்போது கவனிக்கிறேன். வாசகருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைக் கேட்டறியும், உசாத்துணை நேர்காணல் என்று நாங்கள் பெயரிட்டுப் பயிற்சி கொடுக்கும் அந்த அரை மணி நேரத்தை, மேசையில் வரிசை நின்ற காரணத்தால், ஐந்து நிமிடங்களில் முடித்திருந்தேன்.

மூன்று வாரங்களில் கவனித்தவை

கோட்பாட்டு நூல்களைத் திரட்டுவதே எதிர்பார்த்ததைவிடக் கடினமாயிற்று. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பின் இன்றைய பதிப்புகளில் அறிவுச் சமூகவியலுக்கு 306.42 என்ற எண் உண்டு. ஆனால் 301 முதல் 307 வரையான சமூகவியல் வரிசை முழுவதும் 1979இல் வெளிவந்த 19ஆம் பதிப்பில்தான் புதிதாக வகுக்கப்பட்டது. அதற்கு முன்னர் எண்ணிடப்பட்ட எங்கள் நூல்கள் இன்றுவரை 301இலேயே நிற்கின்றன. அவற்றுக்குப் புதிய எண்ணிட எந்தக் காலத்திலும் ஆள்பலம் இருந்ததில்லை. மான்ஹைமின் ஒரு பிரதி பழைய 301இலும், இன்னொன்று அரசியற் கோட்பாட்டு வரிசையிலும் கிடந்தன. ஷேலர் மெய்யியலில் இருந்தார். விஞ்ஞான உண்மை ஒன்று எவ்வாறு ஒரு சிந்தனைக் குழுவினுள் உருவாகிறது என்பதை, மேகநோய்க்கான வாசர்மன் பரிசோதனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1935இல் எழுதிய லுட்விக் ஃப்ளெக், மருத்துவ நூல்களின் நடுவே, நோயின் பெயரால் வைக்கப்பட்டிருந்தார். இந்த ஆய்வாளருக்கு மிகவும் பொருந்தியவர் அவர்தான், 306.42இல் மட்டும் தேடியிருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்க மாட்டார்.

பொருட்தலைப்பு, அதாவது நூல் எதைப் பற்றியது என்று பட்டியலில் இடப்படும் பெயர், வழியான தேடலிலும் ஒரு சிக்கல் இருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருட்தலைப்பில் இத்துறையின் பெயர் தலைகீழாக, 'நாலெட்ஜ், சோசியாலஜி ஆஃப்' என்ற வடிவில் உள்ளது. எங்கள் நூற்பட்டியல் இயங்கும் கோஹா மென்பொருளில் பொருட்தலைப்புகளை அகர வரிசையில் உலாவும் ஒருவர் 'சோசியாலஜி ஆஃப்' என்று தொடங்கினால் அவரை உரிய இடத்துக்குத் திருப்பிவிடும் குறிப்பு எங்களிடம் ஏற்றப்பட்டிருக்கவில்லை. எனவே துறையின் பெயரைச் சரியாகத் தெரிந்தவருக்கே அத்துறை கிடைக்கவில்லை.

தமிழ் நூல்களின் நிலை வேறு வகையானது. பழைய பதிவுகள் பல உரோமன் எழுத்தில் மட்டுமே இருந்தன. காங்கிரஸ் நூலக ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றி இடப்பட்ட பதிவுகளில் 'சித்த' என்ற சொல் ஆங்கில 'சீ' எழுத்தில் தொடங்குகிறது. நாம் யாவரும் 'எஸ்' எழுத்திலேயே தேடுகிறோம். 'வைத்தியம்' என்பதில் வரும் தகரத்தை அம்முறை இரட்டை 'டீ'யாகக் காட்டும். யாழ்ப்பாணத்துப் பெயர்களை எழுதிப் பழகிய கை 'எச்' எழுத்தைச் சேர்த்துத்தான் எழுதும். பதினொரு நூல்கள் என்று ஆய்வாளர் சொன்ன எண்ணிக்கை, ஒலிபெயர்ப்பின் நான்கு வடிவங்களையும் இட்டுத் தேடியபோது நாற்பதைக் கடந்தது.

அதன் பின்னும் ஒரு பெரும் பகுதி வெளியே நின்றது. அது எங்கே நின்றது என்பதை ஒரு மாலை, வேறொரு வாசகருக்காகத் தமிழ் இலக்கிய அடுக்கில் நூலொன்றைத் தேடியபோது தற்செயலாகக் கண்டேன். வைத்திய நூல்கள் செய்யுளில் இயற்றப்பட்டவை. பட்டியலாக்கியவர் செய்யுளைப் பார்த்ததும் 894.811 என்ற தமிழ் இலக்கிய எண்ணைக் கொடுத்திருக்கிறார். அதே நூலின் இன்னொரு பதிப்பு 615.5இல் சிகிச்சை முறைகளிலும், இன்னொன்று 615.88இல் நாட்டு மருந்துகளிலும், நாடியும் கிரகநிலையும் சேர்த்துப் பேசுவது 133.5இல் சோதிடத்திலும் இருந்தன. ஒரே மரபின் நூல்களை இலக்கியம், மருத்துவம், கைமருந்து, சோதிடம் என்று நான்காகப் பிரித்தவர்கள் எங்கள் மேசைகளில் இருந்த பட்டியலாக்குநர்களே. அவர்களில் ஒரு காலத்தில் நானும் ஒருத்தி.

மறுநாள் இதை ஆய்வாளருக்குக் காட்டியபோது அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "மிஸ், இது எனக்கு மூலம்தானே?" என்று கேட்டார். நான் தேடலுக்குத் தடையாகக் கண்டதை அவர் தமது ஆய்வின் தரவாகக் கண்டார்.

கேள்வியை மாற்றியமைத்தல்

மார்ச் இரண்டாம் வாரத்தில், முதல் நாள் செய்திருக்க வேண்டிய நேர்காணலை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்தோம். 'சித்த வைத்தியம் பற்றி என்ன நூல்கள் உள்ளன' என்ற கேள்வியைக் கைவிட்டு, ஒருவரை வைத்தியர் என்று சொல்லும் அதிகாரம் எக்காலத்தில் யாரிடம் இருந்தது, அந்த ஒவ்வொருவரும் தமது தீர்ப்பை எந்தக் காகிதத்தில் எழுதினார்கள் என்று கேட்டோம். சட்டமியற்றியவர்கள், ஆணைக்குழுவினர், கல்லூரி, அச்சகத்தார், நூலுக்குச் சிறப்புக்கவி பாடிய புலவர்கள், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த வைத்தியர்கள், கடைசியாக நோயாளிகள் எனப் பட்டியல் நீண்டது. நோயாளிகளின் பெயருக்கு எதிரே இருவராலும் எதையும் எழுத முடியவில்லை. அந்த வரி ஆய்வு முடியும்வரை வெறுமையாகவே இருந்தது.

இம்முடிவுக்குக் காரணம் எளிது. பொருட்தலைப்பு என்பது ஓர் அறிவு ஏற்கப்பட்டபின் அதற்கு இடப்படும் பெயர். ஏற்கப்படுவதற்கு முன் நடந்த இழுபறியை ஆராய்பவருக்கு அந்தப் பெயரின் கீழ் எதுவும் இராது. இழுபறியில் பங்கெடுத்தவர்களின் வழியாகவே போக வேண்டும். காப்பகங்கள் ஆவணங்களைப் பொருளின்படி அடுக்காமல் அவற்றை உருவாக்கிய அலுவலகத்தின்படி அடுக்குகின்றன. எனவே நூலகத்தைவிடக் காப்பகம் இத்தகைய கேள்விக்கு இணக்கமானது என்பதையும் அன்றுதான் அவருக்குச் சொன்னேன்.

முன்மொழிவைக் கோட்பாட்டு மதிப்பீடாகச் சுருக்குவதை ஒத்திவைக்குமாறு மேற்பார்வையாளருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். நூலகர் ஒருவர் ஆய்வின் போக்கில் தலையிடுவது முறையா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. மூலங்கள் உள்ளனவா இல்லையா என்பது என் பொறுப்புக்குள் வருவதால் அவ்வளவை மட்டும் எழுதினேன். அவர் ஒரு மாத அவகாசம் தந்தார்.

சட்டத்தின் சொல்லைப் பின்தொடர்ந்தது

முதலில் அரச ஆவணங்களை எடுத்தோம். மேலைமுறை மருத்துவத்துக்குக் கொழும்பில் 1870இலேயே கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது. சுதேச வைத்தியக் கல்லூரி 1929இல்தான் பொரளையில் தொடங்கியது. அங்கே ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்று முறைகளும் கற்பிக்கப்பட்டன. 1941இல் சுதேச வைத்தியக் கட்டளைச் சட்டம் வந்தது. 1947இல் சுதேச வைத்தியம் பற்றிய ஆணைக்குழுவின் அறிக்கை, செஷனல் பேப்பர் எனப்படும் அரச அறிக்கைத் தொடரில் வெளியாயிற்று. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் அதற்கடுத்த பெரிய படி. 1977இல் கல்லூரி கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த நிறுவகமாயிற்று.

இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு தேடியபோது, 1961க்குப் பிந்திய அரச ஆவணங்களில் 'சித்த' என்ற சொல் திடீரென அருகிப்போவதை ஆய்வாளர் கவனித்தார். நான் அதனை எங்கள் சேகரிப்பின் குறை என்று எண்ணி, இன்னொரு நூலகத்துக்கு அவரை அனுப்பவும் ஆயத்தமானேன். விடை சட்டத்தின் பொருள்கோடற் பிரிவிலேயே இருந்தது. அச்சட்டத்தில் 'ஆயுர்வேதம்' என்ற சொல் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் உள்ளடக்கும் என்று வரைவிலக்கணம் செய்யப்பட்டுள்ளது. 1961க்கு முன் 'சுதேச வைத்தியம்' என்ற பெயருக்குள் இருந்த சித்தம், பின்னர் 'ஆயுர்வேதம்' என்ற பெயருக்குள் சென்றுவிட்டது. அச்சொல்லால் தேடினால் கிடைக்காது என்பதற்காக அது அங்கே இல்லையென்று கொள்ள முடியாது. தமிழ் வைத்தியர் ஒருவர் தமது முறையின் பெயரைச் சொல்லிப் பதிவுபெற விரும்பினால் அரசின் மொழியில் அதற்கு முன்னரே வேறொரு பெயர் இடப்பட்டிருந்தது என்ற செய்தி அவருடைய இரண்டாம் அத்தியாயத்தின் முதுகெலும்பாக அமைந்தது.

இந்தக் கட்டத்தில் தேடுசொற்களை ஆண்டுவாரியாக ஓர் அட்டவணையில் எழுதினோம். 1941க்கு முன் எவை, 1941 முதல் 1961 வரை எவை, அதன்பின் எவை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் குறித்தோம். சிங்களச் சொற்களை எங்கள் உதவி நூலகர் ஒருவர் எழுதித் தந்தார். அட்டவணை ஒன்றரைப் பக்கம்தான் இருக்கும். இந்தப் பத்து மாதங்களில் நாங்கள் செய்தவற்றுள் வேறொருவருக்கு அப்படியே பயன்படக்கூடியது அதுவே என்று நினைக்கிறேன்.

பாயிரம் பாடியவர்களும் படி விலையும்

ஏப்ரல், மே மாதங்களில் அவர் அச்சு நூல்களைப் பார்த்தார். பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிகள் கூடம், கொழும்பு தேசிய நூதனசாலை நூலகம், வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம், 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் இணையத்தளம் ஆகியவை அவருடைய இடங்களாயின. யாழ்ப்பாணத்தில் 1981 ஜூன் தொடக்கத்தில் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வடக்கில் அச்சான சிறு வெளியீடுகளின் எஞ்சிய பிரதி கொழும்பில் இருக்கக்கூடும் என்பதை, அந்த இழப்பை மனத்திற்கொண்டே எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

நூதனசாலை நூலகம் 1877இல் தொடங்கியது. 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ் நாட்டில் அச்சாகும் நூல்கள் அதற்கு வந்துசேர வேண்டும். அச்சட்டத்தின்படி பதிவான நூல்களின் பட்டியல்கள் காலாண்டுக்கு ஒருமுறை அரச வர்த்தமானியில் வெளியாகின. அவற்றில் நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம் என்பவற்றோடு எத்தனை பிரதி அச்சாயிற்று, விலை என்ன என்பவையும் காணப்படும். நூலே இன்று கிடைக்காவிட்டாலும் அது ஒருகாலத்தில் இருந்தது என்பதற்கு இது சாட்சி. கை அகலத்துக்கும் சிறிய வைத்தியப் பிரசுரம் எத்தனை கைகளுக்குப் போயிருக்கக்கூடும் என்பதை மதிப்பிட இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. பட்டியலைத் தொகுத்த அலுவலர்கள் தமிழ்ப் பெயர்களைத் தத்தம் காதுக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால், பக்கம் பக்கமாக வாசித்துச் செல்வதைத் தவிர குறுக்குவழி இல்லை. ஆய்வாளர் அதற்கு ஒன்பது முழு நாட்கள் செலவிட்டார்.

நூல்களைக் கையிலெடுத்தபோது நான் அவருக்குச் சொன்ன ஒரே யோசனை, பாட்டையும் மருந்தையும் பிறகு பார்க்கலாம், முன்பக்கங்களை முதலில் படியெடுங்கள் என்பதே. யாழ்ப்பாண அரசர் காலத்தவை எனப்படும் செகராசசேகரமும் பரராசசேகரமும் போன்ற ஏடுகள் இருபதாம் நூற்றாண்டில் அச்சேறியபோது அவற்றைப் பதிப்பித்தவர்கள் தாம் யார், ஏடு எவரிடமிருந்து கிடைத்தது, எத்தனை பிரதிகளை ஒப்புநோக்கினோம் என்று எழுத வேண்டிய இடம் முகவுரைதான். பொதுவாக அக்கால நூல்களில், நூலையும் ஆசிரியரையும் சிறப்பித்துப் பிறர் பாடிய சிறப்புப்பாயிரங்களும் சாற்றுகவிகளும் பல பக்கம் நீளும். இன்றைய வாசகர் அவற்றைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார். மறுபதிப்பாளர் தாளை மிச்சப்படுத்த அவற்றையே முதலில் நீக்குவார். ஆனால் நூலாசிரியன் தன்னைப் புகழ்தல் தகாது என்றும், அவனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுதியான உரைகாரன் ஆகியோரே சிறப்புப்பாயிரம் சொல்லக் கடப்பாடுடையவர் என்றும் நன்னூல் விதித்திருக்கிறது. ஒருவரின் அறிவுக்குச் சாட்சி சொல்லும் தகுதி யாருக்கு உண்டு என்பதை இவ்வளவு திட்டமாக வரையறுத்த மரபில், பாயிரத்தின் கீழிருக்கும் கையொப்பங்கள் வெறும் அலங்காரம் ஆகமாட்டா. புலவர், சைவப் பாடசாலை ஆசிரியர், கோயில் முகாமையாளர், பின்னாளில் சட்டத்தரணி, பட்டம் பெற்ற டாக்டர் என்று சாட்சிகளின் தொழில் மாறும் வரிசையை ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குத் தொடர முடியும். ஆய்வாளர் முப்பத்திரண்டு நூல்களின் முன்பக்கங்களைக் கொண்டு அதைத்தான் செய்தார்.

வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியதால், அந்தப் பத்தாண்டிலிருந்து நாளேட்டு விளம்பரங்களையும் சேர்க்க முடிந்தது. பரம்பரை, பட்டயம், பதிவு ஆகிய மூன்று சொற்களும் வைத்தியர் பெயருக்கு முன்னோ பின்னோ எவ்வரிசையில் வருகின்றன என்பதை மட்டும், ஆண்டுக்கு இரண்டு மாதங்கள் என்ற மாதிரியில், அவர் குறித்துக்கொண்டார். முழுத் தொகுதியையும் பார்க்க அவருக்கு ஆசை இருந்தது. காலம் இடம் தரவில்லை.

வெள்ளவத்தை வீட்டுக் கையேடு

ஜூலையில் எதிர்பாராத ஒரு மூலம் வந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட வாசகர் ஒருவர், வெள்ளவத்தையில் தமது உறவினர் வீட்டில் வைத்தியர் ஒருவரின் கையேடு இருப்பதாகச் சொன்னார். பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் மை பேனையால் எழுதிய முந்நூறு பக்கங்கள் அளவு இருக்கும் என்று ஆய்வாளர் பார்த்துவந்து சொன்னார். அச்சு நூலில் காணாத ஒன்று அதில் இருந்தது. எந்தச் செய்யுளை எந்த வயதில் யாரிடம் கேட்டார், எந்த மருந்தை மகனுக்குச் சொன்னார், எதைச் சொல்லவில்லை என்று வைத்தியர் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். சித்தர் மரபில் மருந்துச் சரக்கின் பெயரைப் பரிபாசையில் மறைத்துச் சொல்வது வழக்கம். கையேட்டின் சில பக்கங்களில் அந்த மறைபெயருக்கு எதிரே உண்மைப் பெயர் எழுதி, பின்னர் அதன்மேல் கோடிழுத்து அடிக்கப்பட்டிருந்தது.

வீட்டில் இருந்த மூத்த பெண்மணி, வைத்தியரின் மகள், வாசிக்க இணங்கினார், படமெடுக்க இணங்கவில்லை. "இருந்து வாசியுங்கோ பிள்ளை, எத்தினை நாளெண்டாலும் வரலாம். படம் மட்டும் எடுக்க வேண்டாம். ஐயா அடிச்சுவிட்டதை நாங்கள் வெளியிலை விடேலாது" என்றார். ஆய்வாளர் இதை என்னிடம் சொன்னபோது, நூலகப் பழக்கத்தில் என் முதல் எண்ணம் அதனை எப்படியாவது மின்வருடிப் பாதுகாக்க வேண்டும் என்பதாகவே இருந்தது. ஈரப்பதமும் கறையானும் கொழும்பு வீடுகளில் காகிதத்தை என்ன செய்யும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும். பாதுகாப்பின் அவசியத்தைச் சொல்லிப் பெண்மணியின் மனத்தை மாற்ற நாங்கள் முயலலாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தோம்.

முயலவில்லை. எந்த அறிவைப் பொதுவில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்பதே ஆய்வின் கேள்வி. அந்த உரிமையைக் கொண்டிருந்த ஒரு குடும்பம் அதைப் பயன்படுத்தியபோது, நூலகத்தின் பெயரால் அதை மீறுவது ஆய்வாளருக்கு ஏற்புடையதாக இருக்கவில்லை. சிறிது தயங்கினாலும் எனக்கும் அப்படியே பட்டது. அவர் ஐந்து சனிக்கிழமைகள் அந்த வீட்டில் அமர்ந்து வாசித்தார். மருந்துகளைக் குறிக்காமல், கையேடு எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும், ஓரக்குறிப்புகளில் வரும் உறவுமுறைகளையும் மட்டும் எழுதிக்கொண்டு, எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்டினார். வெண்சுண்ணாம்புக்குப் பொருள் எழுதியிருந்த ஒரு வரியை நீக்குமாறு பெண்மணி கேட்டார், அது நீக்கப்பட்டது. புகையிலைப் பெட்டியில் இருந்த இன்னொரு சிறு கொப்பியை அவர் கடைசிவரை காட்டவில்லை.

விளைவு

திருத்திய முன்மொழிவு ஏப்ரல் இறுதியில் ஏற்கப்பட்டது. மூலங்கள் பற்றிய அத்தியாயம் நவம்பரில் நிறைவெய்தியது. அதில் ஒரு பகுதி முழுவதும் எங்கள் நூலகத்தின் பகுப்பெண்கள் பற்றியது. ஒரே நூலின் மூன்று பதிப்புகளுக்கு மூன்று எண்கள் இடப்பட்டதை அவர் படியெடுத்து, பட்டியலாக்கிய ஆண்டுகளோடு காட்டியிருக்கிறார். வாசிக்கச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது.

கிடைக்காதவையும் உண்டு. மாவட்ட அளவில் வைத்தியர் பதிவுக்காக அனுப்பப்பட்ட விண்ணப்பங்களைத் தேடி ஓர் அரச அலுவலகத்துக்கு நான்கு முறை சென்றும் அவை எங்கே உள்ளன என்ற பதில் கிடைக்கவில்லை. மருத்துவிச்சிகளின் அறிவு பற்றி அச்சில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பாயிரம் பாட அவர்களுக்கு யாரும் இருக்கவில்லை, விளம்பரம் அவர்கள் கொடுக்கவுமில்லை. நூல்களின் முன்பக்கங்களைப் பின்தொடரும் எங்கள் வழிமுறை, எழுத்தில் தடம் விட்டவர்களையே மீண்டும் முன்னிறுத்தியது என்பதை ஆய்வாளர் தமது அத்தியாயத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மலையகத் தோட்டங்களில் வைத்தியம் பார்த்தவர்கள் இந்த ஆய்வுக்குள் வரவேயில்லை.

மாற்றிக்கொண்டவை

இதன் பின் எங்கள் பகுதியில் செய்த மாற்றங்கள் சிறியவை. அறிவுச் சமூகவியலின் தலைகீழ்ப் பொருட்தலைப்புக்கு வழிகாட்டும் குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏற்றினோம். தமிழ் வைத்திய நூல்களின் பதிவுகளில் தமிழ் எழுத்து வடிவத்தைச் சேர்க்கத் தொடங்கினோம். நூற்றுக்கு மேற்பட்டவை முடிந்துள்ளன. எண்களை மாற்றவில்லை. மாற்ற வேண்டுமென்று நான் முதலில் வாதிட்டேன். ஆனால் பழைய எண்ணும் அதை இட்ட காலத்தின் சான்று என்று ஆய்வாளர் சொன்னபின், பழைய எண்ணை அப்படியே விட்டு எல்லாப் பதிப்புகளையும் இணைக்கும் ஓர் உள்ளூர்க் குறிப்பை மட்டும் சேர்ப்பதென்று முடிவாயிற்று. பட்டியலாக்கப் பகுதியில் இதற்கு எல்லோரும் உடன்படவில்லை. வாசகர் ஒரே அடுக்கில் நூல்களைக் காண வேண்டும் என்ற அவர்களுடைய வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

இன்னொரு முறை இத்தகைய கேள்வி வந்தால், கோட்பாட்டு நூல்களிலிருந்து தொடங்க மாட்டேன். முதல் நாளே வர்த்தமானிப் பட்டியலையும் சட்டத்தின் பொருள்கோடற் பிரிவையும் முன்னால் வைப்பேன். வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் நேர்காணலுக்கு வேறொரு நேரம் குறித்துக்கொடுப்பேன். வீட்டுச் சேகரிப்புகளை அணுகும்போது எதைப் படியெடுக்கலாம் என்பதற்கு எழுத்து வடிவிலான இணக்கப் படிவம் ஒன்று எங்களிடம் இருக்கவில்லை. அதன் வரைவு இப்போது நிர்வாகத்தின் பார்வையில் உள்ளது. வெள்ளவத்தைப் பெண்மணியிடம் அந்த வரைவைக் காட்டிக் கருத்துக் கேட்டோம். படமெடுத்தல், படியெடுத்தல், மேற்கோள் காட்டல் என்ற மூன்று கட்டங்களோடு, வாசித்தபின் மறந்துவிடல் என்ற நான்காவது கட்டம் ஒன்றும் வேண்டுமென்று அவர் சொன்னார். அதைப் படிவத்தில் எவ்வாறு எழுதுவதென்று இன்னும் முடிவாகவில்லை.